மச்சானுக்கு ஒரு நியாயம்

மார்ச் 3

மாப்பிள்ளை,

நீ போனை எடுப்பதில்லை. ஒரு மாதமாக அடித்துப் பார்த்துவிட்டேன். உன் அக்காவின் போனிலிருந்து அடித்தால் எடுக்கிறாய். என் குரல் கேட்டதும் "சிக்னல் இல்ல அத்தான்" என்கிறாய். சிக்னல் இல்லாதவனுக்கு அதைச் சொல்ல மட்டும் எங்கிருந்து சிக்னல் கிடைக்கிறதோ. நேற்று இதைச் சொல்லிப் புலம்பினேன். உன் அக்கா, "எழுதிப் போடுங்க. எழுத்துல இருந்தா அவன் படிப்பான். நீங்களும் குறுக்க பேச முடியாது" என்றாள். அவள் யார் பக்கம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஒன்பது வருடம் என் கீழே லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவன் நீ. ஒரு திங்கட்கிழமை காலையில் வந்தாய், டூல் பையையும் சாவியையும் ஸ்டோர்காரர் கையில் கொடுத்தாய், "வரேண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். நான் பத்தடி தள்ளி என் கண்ணாடி அறைக்குள்தான் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பையை ரிப்பேருக்குக் கொடுக்கிறாய் என்று நினைத்தேன். ராஜினாமாவை நேரே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாய் என்று சாயங்காலம் ஸ்டோர்காரர் சொல்லித்தான் தெரியும். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

நீ போன பிறகு நெட்டையன் போனான். அவன் பின்னாலேயே பாட்டுக்காரர். எந்த மிஷின் ரூமில் ஏறினாலும் பாடிக்கொண்டே வேலை செய்வாரே, அந்த மனிதர் போவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இருக்கிற ஆட்களை வைத்து இழுத்துப் பிடித்து ஓட்டுகிறேன். வட்டார அதிகாரி கேட்கிறார்: "ஏன் போறாங்க?" சம்பளம்தான் சார், போட்டிக் கம்பெனிக்காரன் இழுக்கிறான் என்றேன். அவர் நம்பிவிட்டார். நானும் அப்படித்தான் நம்புகிறேன்.

ஸ்கூட்டர் கடையில் கை கறுத்துக்கொண்டிருந்த உன்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டது நான். ஆனால் பெண்டாட்டியின் தம்பி என்கிற சலுகையை ஒரு நாள்கூட உனக்குக் காட்டியதில்லை. "மச்சானுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா" என்று எவனையும் வாய் திறக்க விட்டதில்லை. அந்த விஷயத்தில் என் கை சுத்தம்.

ஏன் போனாய்? சுற்றி வளைக்காமல் சொல்.

அத்தான்


மார்ச் 12

அத்தானுக்கு,

போனில் பேசினால் நீங்கள் பேசுவீர்கள், நான் "ம்" போடுவேன். ஒன்பது வருடமும் அப்படித்தான் ஓடியது. அதனால்தான் எடுக்கவில்லை. அக்காவின் யோசனை நல்ல யோசனை. இதைப் படிக்கும்போது உங்களால் "அதில்லப்பா" என்று ஆரம்பிக்க முடியாது பாருங்கள்.

சம்பளம் காரணமில்லை. இங்கே கொஞ்சம் கூட வருகிறது, அதை இந்த ஊர் வீட்டு வாடகை தின்றுவிடுகிறது. வட்டார அதிகாரியிடம் வேறு காரணம் சொல்லுங்கள்.

பாப்பா பிறந்த நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நான் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட்டே பாதியில் நின்றது. நீங்கள் போன் செய்தீர்கள். "நீ அங்கதானப்பா இருக்க, ஒரு கை பாத்துடேன்." பார்த்தேன். உள்ளே ஆட்கள் மாட்டியிருக்கும்போது யாராக இருந்தாலும் போவான். அதில் எனக்குக் குறையே இல்லை. மொட்டை மாடி மிஷின் ரூமிலிருந்து நான் கிரீஸ் கையோடு இறங்கி வந்தபோது நர்ஸ் சிரித்தார். "அப்பா எங்கன்னு தேடினோம். லிஃப்ட்டுக்கு மேல இருந்தீங்களா?" பெண் குழந்தை பிறந்து அரைமணி ஆகியிருந்தது.

மறுநாள், நேற்று வேலை பார்த்தேனே, அந்த லீவைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டேன். எல்லார் முன்னாலும் நீங்கள் சொன்னீர்கள்: "லீவு லீவுதான். உனக்குன்னு சட்டத்த மாத்த முடியாது." மற்றவன் கேட்டிருந்தால் மாற்றியிருப்பீர்கள். மாற்றியும் இருக்கிறீர்கள்.

இன்னொன்று. புது மாடல் லிஃப்ட் பயிற்சிக்கு ஆள் கேட்டார்களே. பயிற்சி அதிகாரி எனக்குப் போன் செய்து, "ஏம்ப்பா, உன்னத்தான் கேட்டோம், உனக்கு இஷ்டமில்லன்னு சொல்லிட்டியாமே" என்றார். நான் எப்போது சொன்னேன்? என் இஷ்டம் எனக்கே தெரியாமல் போயிருக்கிறது. என் இடத்தில் நெட்டையன் போனான். கற்றுக்கொண்டு வந்தான். இப்போது அதை வைத்தே வேறு கம்பெனியில் ஜம்மென்று இருக்கிறான்.

நேராகக் கேட்டீர்கள், நேராகச் சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு வார்த்தை. போனவனைப் பிடித்து ஏன் போனாய் என்று கேட்டு என்ன ஆகப் போகிறது? இருக்கிறவர்களைக் கேளுங்கள், ஏன் இருக்கிறீர்கள் என்று.

உங்கள் மச்சான்


மார்ச் 20

மாப்பிள்ளை,

ஆமாம், பயிற்சிக்கு உன்னை அனுப்ப வேண்டாம் என்று சொன்னது நான்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். வந்த முதல் வாய்ப்பைத் தூக்கி வீட்டு ஆளிடம் கொடுத்தால் மற்றவன் என்ன நினைப்பான்? லீவு விஷயமும் அதுதான். உன்னிடம் கறாராக இருந்ததால்தான் மற்றவர்களிடம் நான் தலை நிமிர்ந்து பேச முடிந்தது. நீ சொந்தக்காரன். நீ பொறுத்துப் போவாய் என்று நினைத்தேன். இதில் என்ன தப்பு?

சரி, நீ சொன்னதையும் விடவில்லை. நீ நினைப்பது தப்பு என்று காட்டுவதற்காகவே செய்தேன். எல்லாரையும் ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, "இங்க ஏன் இருக்கீங்க?" என்று கேட்டேன். பதில் எழுதுகிறேன், படித்துக்கொள். "நல்லா இருக்கு சார்." "ஒரு குறையும் இல்ல சார்." வக்கீல் மட்டும், அதுதான், வாய்க்கு வாய் சட்டம் பேசுவானே, அவன் முகம் வெளுத்துப்போய், "ஏன் சார், போகச் சொல்றீங்களா?" என்றான். இல்லப்பா என்று சொல்லிச் சமாதானப்படுத்தவே கால்மணி ஆயிற்று. ஆக, இருக்கிறவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்.

இதை உன் அக்காவிடம் சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கண்ணாடி ரூமுக்குள்ள கூப்பிட்டு உக்கார வச்சுக் கேட்டா எவன் வாயத் திறப்பான்? என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு, என்கூட ஏன் குடும்பம் நடத்துறேன்னு கேட்டாலும் நல்லா இருக்குங்கன்னுதான் சொல்லுவேன்" என்றாள்.

அதில் ஏதோ உள்குத்து இருக்கிற மாதிரி இருந்தது. நான் மேலே கேட்கவில்லை.

அத்தான்


ஏப்ரல் 1

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வாசலில் நின்றே படித்துச் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல சேதியா என்று கேட்டார். ஆமாம், சொந்தக்காரர் எழுதியிருக்கிறார் என்றேன்.

அக்கா சொன்னது சரி. நான் ஐந்து வார்த்தையில் சொல்கிறேன்: அறைக்குக் கூப்பிடாதீர்கள். கேட்காதீர்கள். அவர்களோடு வேலைக்குப் போய் டார்ச் பிடியுங்கள். ஐந்தைத் தாண்டிவிட்டது, போகட்டும். லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்டுக்குள், கேபின் கூரைமேல் உட்கார்ந்து ஒருத்தன் நட்டு முடுக்குகிறான், இன்னொருத்தன் வெளிச்சம் காட்டுகிறான் என்றால், அங்கே தானாகப் பேச்சு வரும். கையில் வேலை இருக்கிறவனுக்கு வாயில் பூட்டு இருக்காது. நீங்களும் ஒரு காலத்தில் அங்கே உட்கார்ந்தவர்தானே? கண்ணாடி அறை வந்ததும் மறந்துவிட்டீர்கள்.

என் பாட்டைச் சொல்கிறேன். எல்லாம் இங்கே பாலும் தேனுமாக ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம். டீ வாயில் வைக்க முடியாது. மழை பெய்தால் ஸ்டோருக்குள் குடை பிடிக்க வேண்டும். பழைய லிஃப்ட் ஒன்றில் கதவு மூடினதும் திறந்துகொண்டே இருந்தது. எல்லாம் பார்த்தாகிவிட்டது, பிடிபடவில்லை. என்னையறியாமல் போனை எடுத்து உங்கள் நம்பரைத் தேடிவிட்டேன். அப்புறம் ஞாபகம் வந்து பைக்குள் போட்டேன். அன்றைக்கு உங்கள்மேல் இருந்ததைவிட என்மேல்தான் கோபம் அதிகமாக இருந்தது.

ஆனால் இங்கே எங்கள் மேடம் ஒன்று செய்கிறார். எந்த வேலைக்கு யார் என்று போடும் முன்னால், "உனக்கு அன்னிக்கு வீட்ல ஏதாவது இருக்கா?" என்று கேட்கிறார். இருந்தாலும் சில சமயம் போகத்தான் வேண்டியிருக்கும். ஆனால் கேட்கிறார்.

மச்சான்


ஏப்ரல் 19

மாப்பிள்ளை,

முதலில் அந்தக் கதவு. கதவு ஓடும் கீழ்ப்பள்ளத்தில் அழுக்கு சேர்ந்து ஒரு கல் மாட்டியிருக்கும். மேலே பார்த்துக்கொண்டே இருந்தால் தெரியாது, குனிந்து பார். இந்நேரம் நீயே கண்டுபிடித்திருப்பாய். இருந்தாலும் எழுதுகிறேன். அடுத்த முறை நம்பரைத் தேடினால் அடித்துவிடு.

டார்ச் பிடித்தேன்.

முதல் நாள் வக்கீலோடு போனேன். அவனுக்கு நடுக்கம், எனக்குக் கூச்சம். பழைய அலுவலகக் கட்டடம், ஷாஃப்டுக்குள் ஒரே புழுதி. பாதி வேலை வரை ஒரு பேச்சும் இல்லை. அப்புறம் நான் வெளிச்சத்தைத் தப்பான இடத்தில் காட்டினேன். அவன் எரிச்சலில், "சார், எனக்குக் காட்டுங்க, சுவத்துக்கு இல்ல" என்றான். அதோடு உடைந்தது. அவன் பெண்டாட்டி நம் சர்வீஸ் சென்டருக்கு அடுத்த தெருவில் வேலை பார்க்கிறாளாம். காலையில் ஒரே வண்டியில் வருகிறார்கள், ஒரே வண்டியில் போகிறார்கள். "வீட்டுல ஆயிரம் பேரு சார். நாங்க பேசிக்கறதே அந்த வண்டிலதான். கம்பெனிக்காக இல்ல, அந்த ரோட்டுக்காகத்தான் இங்க இருக்கேன்" என்றான். நான் இத்தனை நாளாக அவனை யூனியன் ஆரம்பிக்க வந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புகார் டெஸ்க்கில் போன் எடுக்கும் அம்மாவின் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தேன். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் பேசினால், நம் ஆள் போய்ச் சேரும்வரை அவர் போனை வைப்பதில்லை. பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், என்ன வாங்கப் போனீர்கள் என்று எதையாவது பேசிக்கொண்டே இருக்கிறார். வேறு இடத்தில் கூப்பிட்டார்களாம், போகவில்லையாம். ஏன் என்றேன். "கதவு திறந்ததும் போன்ல ஒரு பெருமூச்சு கேக்கும் சார். அதக் கேட்டுப் பழகிட்டேன். வேற வேலைல அது எங்க கிடைக்கும்?" என்றார்.

கடைசியில் தாத்தா. நாற்பது ஆகும் முன்னே தலை நரைத்ததற்காக அந்த மனிதனுக்கு நாம் வைத்த பேர், இப்போது அவன் பெண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுகிறாளாம். உங்க மச்சான் சௌக்கியமா என்று கேட்டான். சௌக்கியம் என்றேன். கொஞ்ச நேரம் ஸ்பானரைத் திருகிக்கொண்டே இருந்தான். அப்புறம் அவனாகச் சொன்னான். நான் கேட்கவில்லை.

"அவரு குழந்த பொறந்த நாள நீங்க லீவுல எழுதினீங்களே சார், அன்னிக்கு டீக்கடையில நாங்க பேசிக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான். சொந்த மச்சானுக்கே இந்தக் கதின்னா, நம்ம வீட்டுல ஒண்ணுன்னா இவரு என்ன பண்ணுவாரு? நெட்டையன் அன்னிக்கே வேற இடம் பாக்க ஆரம்பிச்சுட்டான். பாட்டுக்காரருக்கு அடுத்த மாசம் பொண்ணு கல்யாணம். உங்ககிட்ட லீவு கேக்கவே பயந்துக்கிட்டு வேலையவே விட்டுட்டாரு."

"நான் உங்களுக்கெல்லாம் நியாயமா இருக்கணும்னுதான்யா அவன்கிட்ட அப்படி இருந்தேன்" என்றேன்.

"எங்களுக்கு அப்படித் தெரியல சார். டார்ச்ச நேராப் பிடிங்க."

வெளிச்சம் மறுபடியும் சுவரில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது, மாப்பிள்ளை. எனக்குத் தெரியவில்லை.

நான் ஒன்றைக் கட்டிக்காப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். உன்னிடம் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். உன் அக்கா சாப்பிடக் கூப்பிடுகிறாள். இத்தோடு நிறுத்துகிறேன்.

அத்தான்


மே 2

அத்தானுக்கு,

கல்தான். குனிந்து பார்த்துக் கண்டுபிடித்தேன், உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே. உங்களுக்கு முன்னால் கண்டுபிடித்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி மாளாது.

கடிதத்தை வீட்டில் இவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இது அண்ணா எழுதினதா? நிஜமாவா?" என்று உறையைத் திருப்பிப் பார்த்தாள். பாப்பாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். என்னைவிட அவளுக்குத்தான் அந்த நாள் வலித்திருக்கிறது. நான் சொல்லாததை எல்லாம் அவள் மனசுக்குள் வைத்திருந்திருக்கிறாள். "அவங்களை வரச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள்.

நீங்கள் மேற்கொண்டு ஒன்றும் எழுத வேண்டாம். எனக்குப் புரிந்துவிட்டது.

இப்போது நான் ஒரு காரியம் செய்துவிட்டேன், கோபப்படக் கூடாது. இங்கே சர்வீஸ் தலைவர் வேலை காலியாகிறது. மேடத்திடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். லிஃப்ட் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்வார் என்றேன். அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். "அவர் என் அக்கா வீட்டுக்காரர் மேடம். அதனால சலுகை எதுவும் வேண்டாம், இன்டர்வியூல நல்லாக் கஷ்டமாவே கேளுங்க" என்றும் சொல்லிவைத்தேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "சொந்தக்காரர்னா ஏன் கஷ்டமாக் கேக்கணும்? எல்லாரையும் கேக்கற மாதிரி அவரையும் கேட்டுட்டுப் போறேன்" என்றார்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. ஒன்பது வருடம் எதற்காக உங்கள்மேல் கறுவிக்கொண்டிருந்தேனோ, அதையே நான் ஒரு நொடியில் உங்களுக்குச் செய்யப் பார்த்தேன். அதுவும் பெருமையாக! யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாகவே வந்தது. அதனால், அத்தான், இந்த விஷயத்தில் இனி நான் உங்களைக் குற்றம் சொல்வதாக இல்லை.

வேலைக்கு வருகிறீர்களா? இங்கே உங்களுக்கு மரியாதை இருக்கும். இல்லை என்றால், நீங்கள் எல்லாரையும் கேட்டீர்களே, அதையே உங்களைக் கேட்கிறேன். நீங்கள் ஏன் அங்கேயே இருக்கிறீர்கள்?

மச்சான்


மே 14

மாப்பிள்ளை,

உன் மேடத்துக்கு என் வணக்கத்தைச் சொல். நான் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் வட்டார அதிகாரி வந்தார். வழக்கம்போல, "ஏன் போறாங்க, சம்பளம்தானே?" என்று அவரே பதிலையும் சேர்த்துக் கேட்டார். தலையாட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். "இல்ல சார். என்னாலதான் போனாங்க" என்றேன். மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கதவைச் சாத்தலாமா என்றார். வேண்டாம் சார், வெளியில் இருக்கிறவர்களுக்கு ஏற்கனவே தெரியும் என்றேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். உன் லீவு, பயிற்சி, பாட்டுக்காரர் பெண் கல்யாணம், ஒன்று விடவில்லை. இந்த நாற்காலி போனாலும் போகட்டும் என்று நினைத்துத்தான் பேசினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு மேலதிகாரி கேட்டதற்கு என்னிடம் நிஜமான பதில் இருந்தது.

இப்போது டியூட்டி போடுவது நான் இல்லை. அவர்களே கூடிப் பேசிப் போட்டுக்கொள்கிறார்கள். வக்கீல்தான் அதற்குப் பொறுப்பு. சண்டை இல்லாமல் இல்லை, முதல் வாரம் சந்தைக்கடை மாதிரிதான் இருந்தது. லீவு நாளில் கூப்பிட்டால் அந்த லீவு திரும்பி வரும், யாராக இருந்தாலும். அடுத்த பயிற்சிக்குத் தாத்தா போகிறான். எனக்கு வேண்டியவன் என்பதால் இல்லை, வேண்டாதவன் என்பதாலும் இல்லை. அது அவன் முறை, அவ்வளவுதான்.

பாட்டுக்காரர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் பயந்துவிட்டார். கல்யாண வேலையில் ஒரு கை குறைவாக இருந்தது, இரண்டு நாள் நாற்காலி இறக்கினேன். வேலைக்குத் திரும்ப வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. போன திங்கட்கிழமை அவராகவே வந்தார். மிஷின் ரூமில் மறுபடியும் அந்தக் கொடுமையான பாட்டு ஆரம்பித்துவிட்டது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் ஏன் இருக்கிறேன் என்று கேட்டாய். விசுவாசம் என்று எழுத ஆரம்பித்தேன். உன் அக்கா எட்டிப் பார்த்து, "பயம்னு எழுதுங்க. இத விட்டா உங்கள யாரு சார்னு கூப்பிடுவா?" என்றாள். போன மாதம்வரை அவள் சொன்னதுதான் உண்மை. இப்போது காலையில் ஆட்கள் கூப்பிடாமலே என் அறைக்குள் வந்து மேஜைமேல் சாய்ந்துகொண்டு கண்டதையும் பேசுகிறார்கள். வேலை கெடுகிறதே என்று அதட்டத் தோன்றுகிறது, அதட்டுவதில்லை. நான் கெடுத்ததை நானே ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறேன், மாப்பிள்ளை. பாதியில் விட்டுவிட்டு எப்படி வருவது? இது எங்கே போய் நிற்கிறது என்று நான் பார்க்க வேண்டும். அதனால் இருக்கிறேன்.

நீ திரும்பி வா என்று இனிக் கேட்க மாட்டேன். உனக்கு அது நல்ல இடம். இருந்து பேர் வாங்கு.

பாப்பாவைப் பார்க்க நானும் உன் அக்காவும் வரலாம் என்று இருக்கிறோம். இந்த வாரமே கிளம்பலாம் என்று வக்கீலிடம் லீவு கேட்டேன். அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இந்த வாரம் முடியாது சார், ரெண்டு பேர் ஏற்கனவே லீவு. அடுத்த வாரம் பாருங்க" என்று சொல்லிவிட்டான். எனக்கே! உன் அக்காவிடம் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள், ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

எனவே அடுத்த வாரம் வருகிறோம்.

அத்தான்


மே 20

அத்தானுக்கு,

அடுத்த வாரமே வாருங்கள். அதற்கு மேல் தள்ளக் கூடாது. இவள் இப்போதே வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறாள். பாப்பாவுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது, யாரைப் பார்த்தாலும் கடிக்க வருகிறது. உங்களுக்குத்தான் முதல் மரியாதை.

வேலைக்கு வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மேடத்திடம் சொல்லிவிட்டேன். "அப்படிப்பட்ட ஆள்னா வராததுதான் சரி" என்றார்.

அக்காவிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மெக்கானிக் வீடாயிற்றே, லிஃப்ட்டில் ஜம்மென்று போய் இறங்கலாம் என்று நினைத்து வர வேண்டாம். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடி, படி வேறு செங்குத்து. கீழே வந்ததும் ஒரு குரல் கொடுங்கள், அத்தான். நான் இறங்கி வருகிறேன்.

மச்சான்